இயந்திரம் நடுவே வந்தது. பெட்டி எங்கே போனது?



வெளியூர்ப் பயணம் என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி எது? "பெட்டியை எங்கே வைப்பது?" என்பதுதான். பஸ்ஸானாலும் டாக்சியானாலும் ஆள் ஏறுவதற்கு முன்பே மூட்டை முடிச்சுக்கு இடம் பார்க்கிறோம். இந்தச் சாதாரணக் கேள்வி, உலகின் மிக வேகமான கார்களைச் செய்தவர்களையும் நெடுங்காலம் திணற அடித்தது. அந்த வரலாற்றை இன்று நாம் அறிந்துகொள்வோம்.

நாம் சாலையில் காணும் கார்களில் பெரும்பாலானவற்றில் இயந்திரம் முன்னால் இருக்கிறது, நடுவில் மனிதர்கள், பின்னால் சாமான் அறை. குடும்பத்துக்கு இது நல்ல அமைப்பு. பந்தயக் காருக்கோ இது போதவில்லை. காரணம் என்ன? ஒரு கம்பின் இரு நுனியிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நேராக நடக்கும்போது தொல்லையில்லை. சட்டென்று திரும்பினால் வாளிகள் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அதே பாரத்தை உடம்போடு அணைத்துக்கொண்டால் நினைத்த மாத்திரத்தில் திரும்பலாம். காரில் மிகக் கனமான பொருள்களில் ஒன்று இயந்திரம். அதை ஓட்டுநருக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால், நடுப்பகுதியில் வைத்தால் வண்டி வளைவுகளில் விரைவாகத் திரும்பும்.

ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் 1934ஆம் ஆண்டிலேயே இம்முறையைக் கையாண்டன. பெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த அக்கார்களில் 16 சிலிண்டர் இயந்திரம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போருக்குப் பின் இங்கிலாந்தின் கூப்பர் நிறுவனம் இதே வழியில் சிறிய கார்களைச் செய்தது. 1958இல் அர்ஜென்டினா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் கூப்பர் காரில் வென்றார். 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியரான ஜாக் பிராபாம் அதே நிறுவனத்தின் காரில் உலக வாகையர் ஆனார். இத்தாலியின் என்சோ பெராரி தொடக்கத்தில் இதை ஏற்கவில்லை. மாடு வண்டிக்கு முன்னால் நின்று இழுக்க வேண்டுமே தவிரப் பின்னால் நின்று தள்ளக் கூடாது என்ற கருத்தை அவர் சொன்னதாகக் கூறுவர். ஆனால் 1961இல் உலக வாகை சூடிய அவருடைய காரிலும் இயந்திரம் ஓட்டுநருக்குப் பின்னால்தான் இருந்தது.

பந்தயக் காரில் யாரும் பெட்டி கொண்டு போவதில்லை. ஆகவே அதுவரை சிக்கலில்லை. இந்த அமைப்பைச் சாலைக்குக் கொண்டுவந்தபோதுதான் நம் பழைய கேள்வி தலைதூக்கியது. 1966இல் ஜெனீவா கண்காட்சியில் லம்போர்கினி நிறுவனம் மியூரா என்னும் காரைக் காட்டியது. முன்னதாக டிராக்டர்கள் செய்து பெயர் பெற்றவர் அதன் முதலாளி பெருச்சியோ லம்போர்கினி. மியூராவின் 12 சிலிண்டர் இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்கு வாட்டில் அமர்ந்திருந்தது. முன்பக்கத்தை ரேடியேட்டர், பெட்ரோல் தொட்டி, மாற்றுச் சக்கரம் ஆகியவை அடைத்துக்கொண்டன. பெட்டிக்குக் கிடைத்தது வால் பகுதியில் ஒரு சிறிய இடம். அதுவும் இயந்திரத்தின் சூட்டுக்கு அருகில்!

ஆனால் எல்லாரும் இத்துடன் நின்றுவிடவில்லை. 1969இல் போர்ஷே, வோக்ஸ்வாகன் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 914 என்ற காரை வெளியிட்டன. அதன் இயந்திரம் தட்டையானது; காற்றால் குளிர்விக்கப்படுவது. முன்பக்கம் ரேடியேட்டர் தேவையில்லை. ஆகவே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சாமான் அறைகள் கிடைத்தன. கழற்றிய கூரையையும் பின்னறையில் வைக்கலாம். 1972இல் இத்தாலியின் பியட் நிறுவனம் எக்ஸ் 1/9 என்ற சிறிய காரைத் தந்தது. பெட்ரோல் தொட்டியையும் மாற்றுச் சக்கரத்தையும் இருக்கைகளுக்குப் பின்னே பக்கம் பக்கமாக வைத்ததால், அதிலும் முன்னும் பின்னும் சாமான் அறைகள் அமைந்தன. 1984இல் ஜப்பானின் டோயோட்டா, எம்.ஆர்.2 என்ற காரை வெளியிட்டது. கொரோலா காரில் பயன்பட்ட வகை இயந்திரமே இதில் நடுவில் வைக்கப்பட்டது. இதற்கும் இரண்டு சாமான் இடங்கள்.

பந்தய விதிகளிலும் பெட்டி நுழைந்தது வியப்பான செய்தி. பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. வெறும் பந்தயக் காரைச் 'சாலைக் கார்' என்று சொல்லி ஏமாற்றாதிருக்க, சில பிரிவுகளில் ஒரு பயணப் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று விதித்தார்கள். 1966இல் அங்கே வென்ற போர்டு ஜி.டி.40 காரின் வால்புறத்திலும் இதற்கென இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1998இல் டோயோட்டா நிறுவனம் ஜி.டி.ஒன் என்ற காருடன் அங்கே வந்தது. பெட்டி எங்கே என்று கேட்டபோது, பெட்ரோல் தொட்டி காலியாக இருக்கும்போது அதற்குள் ஒரு பெட்டி அடங்கும் என்று வாதிட்டது! அதிகாரிகளும் ஏற்றுக்கொண்டார்கள். விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது. விதியின் நோக்கம் பெட்ரோலில் மூழ்கிப்போனது. எம்.ஆர்.2 காரில் சாமானுக்கு நேர்மையாக இடம் ஒதுக்கியதும் இதே நிறுவனம்தான்.

நேர்மையான விடைகளும் தொடர்ந்து வந்தன. 1992இல் அறிமுகமான மக்லாரன் எப் 1 காரில் ஓட்டுநர் நடுவில் அமர்வார். அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பயணிகள். கோர்டன் மரே அதை வடிவமைத்தபோது, பின்சக்கரங்களுக்கு முன்னால் இரு விலாப்புறங்களிலும் சாமான் அறைகள் வைத்தார். அந்த அளவுக்கேற்பத் தைத்த பைகளும் காருடனேயே வந்தன. 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டர் காரின் இயந்திரம் நீரால் குளிர்விக்கப்படுவது. ரேடியேட்டர்களை முன்மூலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, முன்னும் பின்னும் சாமான் அறைகளைக் காப்பாற்றினார்கள். 1953 முதல் இயந்திரத்தை முன்னால் வைத்து வந்த அமெரிக்காவின் கார்வெட், 2019இல் காட்டப்பட்ட எட்டாம் தலைமுறையில் அதை நடுவுக்கு மாற்றியது. அப்போதும் இரண்டு அறைகளிலுமாக ஏறத்தாழ 357 லிட்டர் இடம் மிஞ்சியது. கோல்ப் பைகள் இரண்டைப் பின்னறையில் வைக்கலாம்.

நேயர்களே, இக்கார்கள் பெரும்பாலும் செல்வந்தருக்கு உரியவை. ஆயினும் இவற்றின் வரலாறு நமக்கும் ஒரு பாடம் தருகிறது. இயந்திரத்தை இடம் மாற்றியது அறிவின் வெற்றி. அதில் ஏறுபவர் கையில் ஒரு பெட்டி இருக்குமே என்று நினைத்துப் பார்த்தது அன்பின் வெற்றி. வண்டியானாலும் வீடானாலும், ஒன்றை உருவாக்குகிறவர் அதைப் பயன்படுத்துகிறவரின் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டறையிலும் தொழிற்கல்விக் கூடங்களிலும் பயிலும் நம் பிள்ளைகள் நாளை எதைச் செய்தாலும், "பெட்டியை எங்கே வைப்பது?" என்று முதலிலேயே கேட்கட்டும். அந்தக் கேள்வி சிறியதன்று.