டைல்ஸ் ஒட்டி ரெண்டே மாசத்துல ஓட்டை சத்தமா? காண்ட்ராக்டர் சொதப்பினால் என்ன செய்யலாம்?

"வேலை முடிஞ்சுது சார், மீதியை செட்டில் பண்ணிடுங்க" என்று மேஸ்திரி சொல்கிறார். பணமும் கைமாறிவிடுகிறது. அன்று இரவு முதல் ஆளாகக் குளித்துவிட்டு வருபவர்தான் கவனிக்கிறார்: தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவு ஓரமாகத் தேங்கி நிற்கிறது. போன் போட்டால், "ரெண்டு நாள்ல வந்து பாக்குறேன்" என்று பதில் வருகிறது. அந்த ரெண்டு நாள் பல வீடுகளில் ரெண்டு மாதம் ஆகிவிடும்.

வீட்டு வேலையில் சின்னச் சின்னக் குறை இல்லாமல் இருக்காது. எதை விட்டுக்கொடுப்பது, எதைச் சரிசெய்ய வைத்தே ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பாத்ரூம் டைல்ஸ் வேலையை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும்.

எது அழகுக் குறை, எது ஆபத்து?

இரண்டு டைல்ஸுக்கு இடையே கோடு லேசாக விலகுவது, மூலையில் வெட்டு சரியாக இல்லாதது எல்லாம் கண்ணை உறுத்தும். ஆனால் வீட்டைக் கெடுக்காது. இதற்காகத் தரையை உடைக்கச் சொல்வதைவிட, கூலியில் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

வாட்டம் தப்பினால் கதை வேறு. பாத்ரூம் தரையில் ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டராவது வடிகாலை நோக்கிச் சரிவு இருக்க வேண்டும். ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டி, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வயதான அப்பா, அம்மா இருக்கும் வீட்டில் எப்போதும் ஈரமாக இருக்கும் தரை, வழுக்கி விழுவதற்கான வழி.

அடுத்தது ஓட்டை சத்தம். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக ஒட்டிய டைல்ஸ் கெட்டியாகச் சத்தம் தரும். அடியில் காலியாக இருந்தால் வெறும் பானையைத் தட்டியது போல இருக்கும். மூலை காலியாக இருக்கும் டைல்ஸ் மீது கனமான பொருள் விழுந்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். சுவரில் என்றால் ஒருநாள் கழன்றே விழலாம்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒட்டும் முறைதான். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், அதாவது 0.5 சதவீதத்துக்கும் கீழே. அதனால் சாதாரண சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. இதற்கென்றே டைல் அடிசிவ் என்ற பசை இருக்கிறது. ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண் உள்ள மூட்டையைக் கேட்டு வாங்கலாம். பழைய பழக்கத்தில் பால் சிமெண்ட் ஊற்றியோ, நடுவில் ஒரு உருண்டை கலவையை வைத்து அழுத்தியோ ஒட்டிவிட்டால் ஓரமெல்லாம் காலியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது கசிவு. வடிகாலை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டு சீலிங்கிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிந்தால், டைல்ஸுக்கு அடியில் உள்ள வாட்டர் ப்ரூஃபிங்கிலோ பைப் இணைப்பிலோ கோளாறு என்று அர்த்தம். மேலே வெள்ளை சிமெண்ட் பூசி மூடுவதால் இது தீராது.

உடைக்கும் முன் செய்ய வேண்டியது

கோபத்தில் வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டு உடைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உடைத்த நிமிடமே ஆதாரம் போய்விடும். "நான் போட்டப்போ நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னால் மறுக்க வழி இருக்காது. தண்ணீர் தேங்குவதை வீடியோ எடுக்க வேண்டும். ஓட்டை சத்தம் வரும் டைல்ஸில் சாக்பீஸால் குறியிட்டுப் படம் எடுக்க வேண்டும். எஸ்டிமேட், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்கக் கூடாது.

பிறகு குறைகளை வரிசையாக எழுதி, சரிசெய்ய ஒரு தேதி குறித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். "அண்ணே, இந்த நாலு இடத்துல இப்படி இருக்கு, 15ஆம் தேதிக்குள்ள பாத்துக் கொடுங்க" என்று மரியாதையாக எழுதினாலே போதும். பல வருடம் பழகிய மேஸ்திரி என்றால் நேரில் கேட்கத் தயக்கம் இருக்கும். ஆனால் எழுத்தில் இருந்தால்தான் பின்னால் பேச்சு மாறாது.

டைல்ஸை வீட்டுக்காரர் வாங்கி, கூலியை மட்டும் பேசியிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். மேஸ்திரி "டைல்ஸே பெண்டு சார்" என்பார். கடைக்காரர் "ஒட்டினது சரியில்ல" என்பார். நடுவில் மாட்டுவது வீட்டுக்காரர். மீந்த டைல்ஸையும், பேட்ச் எண் உள்ள அட்டைப் பெட்டியையும் எடுத்து வைத்திருந்தால் உதவும். ஒட்டாத டைல்ஸை சமதளத்தில் வைத்துப் பார்த்தாலே அது வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பணம்தான் பிடிமானம்

பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் 5 முதல் 10 சதவீதத் தொகையை, குறை வராது என்று உறுதியாகும் வரை நிறுத்தி வைப்பது வழக்கம். வீட்டு வேலையிலும் இதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளலாம். தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணை என்று எஸ்டிமேட்டிலேயே எழுதிவிட்டால் பாதி சண்டை குறையும். அதே சமயம், சரியாகச் செய்த வேலைக்கான கூலியையும் சேர்த்துப் பிடித்து வைப்பது நியாயமில்லை. மேஸ்திரிக்குக் கீழே தினக்கூலி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்?

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வீட்டு வேலையும் சட்டப்படி ஒரு 'சேவை'தான். வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லிவிட்டது. ஆனால் நாள் கூலிக்கு ஆள் வைத்து, வீட்டுக்காரரே மேற்பார்வை பார்த்திருந்தால் வழக்கு பலவீனமாகலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே பேசித் தீர்க்க முயல்வார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் இங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2019 சட்டப்படி, காண்ட்ராக்டர் எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். "வர்றேன், வர்றேன்" என்று இழுத்தடிக்கும்போது ஓடுவது இந்த நாட்கள்தான்.

ஒரு சிவில் இன்ஜினியரிடம் குறையைப் பற்றியும், சரிசெய்ய ஆகும் செலவைப் பற்றியும் எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்கி இணைப்பது வழக்குக்கு வலு சேர்க்கும். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும். அதனால் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் குறைக்கு வழக்கைவிட, நோட்டீஸ் அனுப்பிப் பேசி முடிப்பதே லாபம்.

பில்டரிடம் வாங்கிய புது ஃபிளாட் என்றால் வழியே வேறு. ரெரா சட்டப்படி, சாவி வாங்கியதிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து புகார் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். சொந்தமாக ஆள் வைத்துச் செய்த வேலைக்கு இது பொருந்தாது.

ஆணையம் உத்தரவு போட்டும் காண்ட்ராக்டர் பணம் தரவில்லை என்றால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மேல்முறையீடு செய்ய நினைத்தால், உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும்.