டன் கணக்கும் உயிர்க் கணக்கும்

போரைப் பாடும் எழுத்தில் இரு கணக்குகள் உண்டு. ஒன்று வென்றவனின் கணக்கு. மற்றொன்று மாண்டவரின் கணக்கு. வரலாற்று உண்மை என்று நாம் போற்றுவது இவற்றுள் எதனை என்னும் வினாவைக் கணினி விளையாட்டு ஒன்றும் இன்று நம்முன் வைக்கிறது. கவிஞர் கூடும் வட்டத்தின் மலரில் விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் எண்ணலாம். முன்பு வரலாற்றுப் புதினங்கள் செய்த பணியை இன்றைய இளைஞரிடையே இத்தகைய விளையாட்டுகளும் செய்து வருகின்றன. ஆதலின் இலக்கியத்தை உரசிப் பார்க்கும் கல்லிலேயே இவற்றையும் உரசிப் பார்ப்பது தகும்.

நான் எடுத்துக்கொண்டது 2005ஆம் ஆண்டு யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘சைலண்ட் ஹண்டர் 3’ என்னும் விளையாட்டாகும். இதில் ஆடுபவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவராகிறார். 1939இல் பணியில் சேர்ந்து போர் முடியும் வரை அவர் பல முறை கடலோடலாம். ஒவ்வொரு ரோந்தின் முடிவிலும், மூழ்கடித்த கப்பல்களின் எடைக்கு ஏற்ப மதிப்புப் புள்ளிகள் சேர்கின்றன. அப்புள்ளிகளைக் கொண்டு மேலும் சிறந்த கப்பலையும் கருவிகளையும் பெறலாம். உடன் உழைத்தோருக்குப் பதக்கமும் பதவி உயர்வும் வழங்கலாம்.

உண்மைத் தன்மைக்கும் இதில் தனி அளவுகோல் உண்டு. எரிபொருள் தீர்தல், டார்பிடோ வெடிக்காது போதல், குறிவைக்கும் கணக்கைத் தாமே போடுதல் என ஒவ்வொன்றையும் ஆடுபவர் ஏற்கலாம், விலக்கலாம். அனைத்தையும் ஏற்றால் நூறு விழுக்காடு. எளிமையை நாடினால் விழுக்காடு குறையும், புள்ளியும் குறையும். இவை கற்பனையல்ல. 1940இல் நார்வேக் கடலில் ஜெர்மானிய டார்பிடோக்கள் பழுதாகி ஏமாற்றியது வரலாறு. பின்னர் நேச நாடுகளின் வானூர்திகளும் ராடாரும் கடலை நீர்மூழ்கிகளுக்குக் கொலைக்களமாக்கின. 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. பொறியையும் காலத்தையும் பொறுத்தவரை இவ்விளையாட்டு பெரிதும் உழைத்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும், பதவி ஏணியின் கதை வரலாற்றில் வேறாக இருந்தது. பிரீன், ஷெப்கே, கிரெட்ஷ்மர் ஆகிய மூவரும் அக்கடற்படையின் புகழ்பெற்ற தலைவர்கள். 1941 மார்ச் என்னும் ஒரே மாதத்தில் முதலிருவரும் மாண்டனர், மூன்றாமவர் சிறைப்பட்டார். ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. விளையாட்டில் மாண்டவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி, மூழ்கியவர் பக்கத்தைக் காண்போம். காசி மாநகரின் பெயர் தாங்கிய ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ என்னும் பயணியர் கப்பல், போரிலிருந்து காக்கும்பொருட்டு 90 பிரிட்டிஷ் சிறுவர்களைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. அதன் பணியாளருள் மிகப் பலர் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்திய மாலுமிகள். 1940 செப்டம்பர் 17 இரவு யூ-48 என்னும் நீர்மூழ்கி அதனை வீழ்த்தியது. சிறுவருள் 77 பேர் மாண்டனர். இந்திய மாலுமிகளிலும் பெரும்பகுதியினர் மாண்டனர். உயிர்ப் படகொன்று எட்டு நாள் அட்லாண்டிக் கடலில் அலைந்தது. அதில் இருந்த 46 பேரில் ஆறு சிறுவர் நீங்கலாகப் பெரும்பாலோர் இந்தியரே. நீர்மூழ்கியின் ஏட்டில் இக்கப்பல் 11,081 டன். அதன் தலைவர் பிளைக்ரோட் அடுத்த மாதமே உயர்ந்த வீரச் சிலுவை பெற்றார். அக்காலத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் டன் மூழ்கடித்தவர்க்கு அவ்விருது கிட்டியது.

ஆகவே, டன்னைக் கொண்டு பதவியை அளப்பது விளையாட்டு புனைந்ததன்று; உண்மையாகவே நிகழ்ந்தது. அவ்வகையில் விளையாட்டு வரலாற்றுக்கு நேர்மையாகவே நடந்துகொள்கிறது. ஆனால், அது நேர்மையாக இருப்பது வரலாற்றின் ஓர் ஏட்டுக்கு மட்டுமே. தலைவனின் ஏட்டில் 11,081 என்று பதிந்த இடத்தில், வங்கத்திலோ மலபாரிலோ ஒரு வீட்டில் வாராத கணவனுக்காகக் காத்திருந்தவளின் கணக்கு பதியவில்லை.

இந்தச் சாய்வு நமக்கும் அயலானதன்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய எம்டன் நீர்மூழ்கியன்று. நீர்மேல் ஓடிய போர்க்கப்பல். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, உயிர்களும் போயின. கப்பலின் பெயர் கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் நிலைத்துவிட்டது. அன்று மாண்டவர் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

பதவி ஏணியும் பழந்தமிழர்க்குப் புதிதன்று. படைத்தலைவர்க்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் வேந்தன் அளித்தான். மன்னனிடம் சிறப்புப் பெறும் மாராயத்தைத் தொல்காப்பியம் வஞ்சித் திணையில் வைத்தது. போரில் ஆயிரம் யானைகளை வென்றவன்மேல் பாடுவது பரணி என இலக்கணம் வகுத்தனர். ஆயிரம் யானையும் ஒரு இலட்சம் டன்னும் ஒரே வகை அளவை அல்லவா? ஆனால் காஞ்சியில் வீற்றிருந்த குலோத்துங்கனின் படை கலிங்கம் வென்றதைப் பாடிய செயங்கொண்டார் அங்கேயே நின்றுவிடவில்லை. களத்தில் கணவன் உடலைத் தேடிவந்து தழுவும் மகளிரையும் காட்டினார். வெற்றியைப் பாட வந்த நூலுள்ளேயே மாண்டவர் கணக்கும் இடம்பெற்றது. அவ்விளையாட்டை ஆக்கியோர் எட்டாத உண்மையைப் பரணிப் புலவர் எட்டினார் என்பேன்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் இங்கு நினைவுகூர வேண்டும். பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் பதவியை ஏணியாகக் கருதவில்லை. வாரியத்தில் இருக்கத்தக்க காலம் 360 நாள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடம்பெறாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஈட்டிய புகழைக் காட்டியன்று, ஒப்படைத்த கணக்கைக் காட்டியே ஒருவர் மீண்டும் தகுதி பெற்றார்.

அதே கல்வெட்டின் குறையையும் நாம் மறைத்தல் கூடாது. அந்தக் குடத்தில் பெண்ணின் பெயர் இல்லை. நிலமற்ற உழைப்பாளியின் பெயரும் இல்லை. வரியிறுக்கும் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அது திறந்திருந்தது. ஏரி வாரியத்தாரைக் கல் சொல்லும். வைரமேகத் தடாகத்தில் மண் சுமந்தவர் யார் என்பதைக் கல் சொல்லாது. கணக்குக் கேட்ட கல்லிலும் கணக்கில் வாராதோர் உண்டு.

வரலாற்று உண்மை என்பது கருவிகளின் நுட்பத்தையும் ஆண்டுகளின் துல்லியத்தையும் மட்டும் பொறுத்ததன்று. எவருடைய ஏட்டைத் திறந்து எழுதுகிறோம் என்பதையும் பொறுத்தது. பத்தாண்டுகளாக நம் வட்டத்துக் கவிஞர்கள் சோழரைப் பாடியிருக்கிறார்கள். குடவோலையையும் மண்டபத்தையும் பாடியிருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டுகளில் தடாகத்தில் மண் சுமந்தவரையும், கடல்மேல் கூலிக்குச் சென்று மீளாதவரையும் பாட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. ஆதலின் அக்கணக்கை ஒப்படைக்கும் கடமை பாட்டுக்கு வந்து சேர்கிறது.