நிலைமாற்றம்: பெயர் விடுபட்டவர்களின் கதி

கணினிக்குள் அரசு உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லினக்ஸ் கணினியைத் திறந்தவுடன் கெர்னல் பயனர் தளத்தில் தொடங்கிவைப்பது ஒரே ஒரு செயல்முறையைத்தான். அதன் எண் 1, பெயர் இனிட். பிற சேவைகளெல்லாம் அதன் வழிவந்தவை. பெற்றது செத்துப்போய் அநாதையாகும் பிள்ளைகளையும் பெரும்பாலும் இதுவே தத்தெடுத்துக்கொள்கிறது. எது ஓடலாம், எது நிற்க வேண்டும், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது யார் இருக்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கப்படும் இடம் இது. இதை அரசு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? தொழில்நுட்பத்தில் கருத்தியல் கிடையாது என்று நம்பிக்கொண்டிருக்கும் நம் இலக்கிய நண்பர்களை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்வரும் தமிழ் எம்.ஏ.க்காரர்கள் டைடல் பார்க்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. டிட்கோ, எல்காட் என்ற இரு அரசு நிறுவனங்களின் பெயர்களை ஒட்டவைத்த பெயர். 2000 ஜூலையில் திறந்தார்கள். அதற்குள் இயங்கிய சி-டாக் சென்னை மையம்தான் 2007இல் 'பாஸ்' என்ற லினக்ஸைக் கொண்டுவந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். பெயரிலேயே பாரதம். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு இதுவும் வந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடியப்போகிறது என்றதும், தமிழக அரசு தன் துறைகளைப் பாஸுக்கு மாறச் சொன்னது. சுதேசி என்றார்கள். அடித்தளம் டெபியன் என்பதையும் யாரும் மறைக்கவில்லை. ஆனால் டெபியனைத் தளமாக ஏற்றுக்கொண்டால் கூடவே எந்த ஆட்சிமுறையை ஏற்றுக்கொள்கிறோம் என்ற கேள்வி எழவில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இருந்தவை இரண்டே நிலைகள்: ஒருவர் மட்டும், அல்லது பலர். தொடக்க வேலைகள் எல்லாம் ஒரே கோப்பில். 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஏடி அண்ட் டி நிறுவனத்தைக் கணினி வணிகத்துக்குள் நுழையவிடாமல் தடுத்திருந்ததால்தான் யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. 1984இல் பெல் நிறுவனம் பிரிக்கப்பட்டதோடு அந்தத் தடையும் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு சந்தைக்கு வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் ரன்லெவல்கள் இருந்தன. பின்னர் மிக்கேல் ஃபான் ஸ்மூரன்பர்க் இதே முறையில் லினக்ஸுக்கு ஓர் இனிட் எழுதினார். 0 என்றால் அணை, 6 என்றால் திரும்பத் தொடங்கு, 1 என்றால் ஒற்றைப் பயனர் நிலை: எல்லோரையும் வெளியேற்றிவிட்டு ரூட் மட்டும் உட்கார்ந்திருக்கும். எமர்ஜென்சியோடு ஒப்பிடாதீங்க தோழர், அது ரிப்பேர் பார்க்கிறதுக்கு என்றார் எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த நண்பர். ஒப்பிடவில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் ஒரு நிலைக்கு எமர்ஜென்சி என்றே பெயர் வைத்தார்கள்.

இனி நிலைமாற்றம். ஒவ்வொரு ரன்லெவலுக்கும் ஓர் அடைவு. அதற்குள் எஸ் அல்லது கே என்ற எழுத்தில் தொடங்கும் இணைப்புகள், எழுத்தை அடுத்து இரண்டு இலக்க எண். எஸ் என்றால் தொடங்கு, கே என்றால் கொல். இரண்டும் போய்ச்சேரும் ஸ்கிரிப்ட் ஒன்றுதான். பிறப்பும் சாவும் ஒரே கோப்பில். மூன்றாம் நிலைக்குப் போ என்று உத்தரவானால், அந்த அடைவிலுள்ள கே-க்கள் வரிசைப்படி முதலில் ஓடும், பிறகு எஸ்-கள். டெபியனில் ஒரு நாகரிகமும் இருந்தது: பழைய நிலையில் எஸ் இருந்து, புதிய நிலையில் கே இல்லாவிட்டால், ஏற்கனவே ஓடுகிற அதை மறுபடி தொடங்கித் தொந்தரவு செய்யாது.

சரி, புதிய அடைவில் எஸ்-ஸும் இல்லை, கே-யும் இல்லை என்றால்?

"யாரும் தொட மாட்டாங்க. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்" என்றார் நண்பர்.

என்னை உலுக்கிய பதில் இது. நிர்வாகி கையால் தொடங்கிவிட்ட ஒரு சேவை, எந்தப் பட்டியலிலும் பெயரில்லாதது, நிலை மாறினாலும் உயிரோடு இருக்கும். நீக்க வேண்டுமென்றால் பெயர் சொல்லி நீக்க வேண்டும். பழைய இனிட்டை நான் புனிதப்படுத்தவில்லை. அது தானே நேரடியாகப் பெற்றவற்றுக்கு, அதாவது இனிட்டேப் கோப்பில் எழுதியிருப்பவற்றுக்கு, விதி வேறு: புதிய நிலை எண் அவற்றின் வரியில் இல்லாவிட்டால் எச்சரிக்கைக் குறிப்பு வரும், ஐந்து வினாடி அவகாசம், பிறகு கொலை. சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், ஊழியர்களுக்கு இன்னொன்று. ஊழியர்கள் மீதான கண்காணிப்பும் ஓட்டையானது. ஒரு சேவை இரண்டுமுறை கிளைத்துத் தன்னைப் பெற்றதிடமிருந்து கழன்றுகொண்டால், அதைத் தேட ஒரு சீட்டில் எழுதிவைத்த எண்தான் கதி. அந்த எண்ணே பின்னால் வேறொன்றுக்குக் கிடைத்திருந்தால் சாவதும் வேறொன்றுதான்.

இந்த ஓட்டையைக் காட்டித்தான் 2010 ஏப்ரலில் லெனார்ட் பெட்டரிங் சிஸ்டம்டி-யை முன்வைத்தார். அதில் ரன்லெவலுக்குப் பதில் 'டார்கெட்'. பழைய எண்கள் மாற்றுப்பெயர்களாக ஒட்டவைக்கப்பட்டன: 3 போட்டால் பல்பயனர் டார்கெட், 5 போட்டால் வரைகலை டார்கெட். கெர்னலின் சிகுரூப் வசதியால் ஒரு சேவையும் அதன் வாரிசுகளும் ஒரே கூண்டில். கழன்றுகொள்ளும் தந்திரம் இனிப் பலிக்காது. பொறியியலாகப் பார்த்தால் இது நியாயம், மறுக்க முடியாது.

நிலைமாற்றத்துக்கு இதில் வைத்த பெயர் 'ஐசொலேட்', தனிமைப்படுத்து. புதிய டார்கெட்டும் அது சார்ந்திருப்பவையும் மட்டும் இருக்கும். அந்தச் சார்புச் சங்கிலியில் பெயர் வராதவை எல்லாம் நிறுத்தப்படும், விதிவிலக்கு என்று முன்கூட்டியே குறித்துவைத்தவை தவிர. விதி தலைகீழாகிவிட்டது. முன்பு வெளியேற்றத்துக்குப் பெயர் வேண்டும். இப்போது இருப்புக்குப் பெயர் வேண்டும். 2019 ஆகஸ்ட் 31 அன்று அசாமில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பெயர் இல்லை. சிஸ்டம்டி-க்கும் அதற்கும் தொடர்பு கிடையாது, தெரியும். ஆனால் பட்டியலின் மௌனத்தை அனுமதியாகப் படிப்பதா, நீக்கமாகப் படிப்பதா என்பது இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி. விடுபட்டவன் தன் இருப்பை நிரூபிக்க வேண்டுமா, நீக்குகிறவன் காரணம் சொல்ல வேண்டுமா?

2016இல் இது இன்னும் ஒரு படி போனது. பயனர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற செயல்முறைகளையும் கொல்வதை சிஸ்டம்டி-யின் 230ஆம் பதிப்பு இயல்புநிலையாக்கியது. ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் கொதித்தார்கள். டெபியன் தன் தொகுப்பில் அதை அணைத்துவைத்தது.

அந்த டெபியனிலும் மாற்றம் சும்மா வந்துவிடவில்லை. 2014 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு நாலுக்கு நாலு என்று பிளந்தது. தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டி ஜெயித்தது. அந்த ஆண்டு நவம்பரில் இயன் ஜாக்சன் குழுவிலிருந்து விலகினார். ஒரு பிரிவினர் தேவுவன் என்று தனிக்கடை போட்டார்கள். 2015 ஏப்ரலில் வந்த டெபியன் 8இல் சிஸ்டம்டி-யே இயல்பான இனிட். 2019 டிசம்பரில் மறுபடி ஓட்டெடுப்பு: சிஸ்டம்டி-தான், மாற்றுகளை முயன்று பார்ப்பவர்களுக்கும் ஆதரவு உண்டு என்ற தீர்மானம் வென்றது. தோற்றவர்களுக்கும் ஒரு மின்மடல், ஒரு வாக்கு, வெளியேற ஒரு கதவு இருந்தன.

டெபியன்மேல் கட்டப்படும் எதற்கும், வலிந்து மாற்றினாலொழிய, இந்த விதி தானாக வந்துசேரும். பாஸின் திரையில் மெனுக்கள் தமிழில் வந்தன. அதைக் கொண்டாடிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். அடியில் நிலை மாறும்போது யார் நிற்பது, யார் போவது என்ற விதி தலைகீழானது பற்றித் தமிழில் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. நண்பர் இன்றும் டைடலில் நைட் ஷிப்ட் பார்க்கிறார். கையால் தொடங்கும் எதற்கும் இப்போதெல்லாம் முதலில் ஒரு யூனிட் கோப்பு எழுதிவிடுகிறாராம். "பேர் இல்லேன்னா நிக்காது தோழர்."