வளரியும் முன்னூறு அடியும்

மட்டையும் பந்தும் இல்லாமல், பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீசி ஆடும் கோல்ஃப் ஒன்று அமெரிக்காவில் உண்டு. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். மரமும் மேடுபள்ளமும் உள்ள இடத்தில் நடந்து நடந்து வீசி, சங்கிலி தொங்கும் கூடையில் தட்டை விழவைக்க வேண்டும். இதற்கென முதல் நிரந்தர மைதானத்தை 1975-ல் கலிஃபோர்னியாவில் அமைத்தவர் எட் ஹெட்ரிக். என் பேரன் அங்கே ஒரு சிறு குன்றுச் சரிவில் ஆடுவதைச் செல்பேசியில் காட்டினான். கூடை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஏறக்குறைய முன்னூறு அடி என்றான். எனக்கு உடனே வளரி நினைவுக்கு வந்தது.

வளரி நம் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகளின் எறிபடை. வளைத்தடி என்றும் சொல்வார்கள். பிறை வடிவம், ஒரு நுனி கனம், மறு நுனி லேசு. வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், சில சமயம் இரும்பிலும். வெளி விளிம்பு கூராக இருக்கும். லேசான நுனியைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுற்றி, விசையேற்றி எறிய வேண்டும். நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். பூமராங் என்றால் ஆஸ்திரேலியா என்பதோடு எங்கள் பாடம் முடிந்துவிட்டது!

கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் எழுதுகிறார். கைதேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். நூறு கஜம் என்றால் முன்னூறு அடி. அதே வெல்ஷ் 1801-ல் மருது சகோதரர்களை எதிர்த்த படையிலும் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். பிறகு பாளையங்களில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன.

சிவகங்கையில் வளரி மறைந்ததற்கு இதையே காரணமாகச் சொல்லிவிடலாம். நம் ஊர்க் கதை வேறு. தொண்டைமான் கம்பெனியின் பக்கம் நின்றவர். (1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது நம் திருக்களம்பூர் காட்டுப் பக்கம்தான். இதைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பவர்கள் உண்டு.) சமஸ்தானம் 1948 வரை நீடித்தது. புதுக்கோட்டை ராஜாவின் ஆயுதசாலையில் வளரி எப்போதும் இருப்பில் உண்டு என்று எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் அதே நூலில் சமஸ்தான திவான் தரும் தகவலைப் பாருங்கள். தேர்ந்து வீசும் ஆள் இப்போது யாரும் இல்லை. எப்போதாவது முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு உதவுகிறது. மற்றபடி பூஜை அறையில் கிடக்கிறது. ஆயுத பூஜையன்று எடுத்துத் துடைத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது நன்றாகவே புரியும். இருப்புப் பதிவேடு சரியாக இருக்கும், தணிக்கையில் குறை வராது. எடுத்து வீச மட்டும் ஆள் இருக்காது.

கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொண்டதையும் தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். அப்படி வந்த வளரி உங்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அதன் நீளம், எடை, என்ன மரம் என்று எனக்கு எழுதுங்கள். நார்த்தாமலைப் பாறைச் சரிவில் அதை வீசிப் பார்த்த பாட்டனார் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்.