இடது கால் காவலன் – அத்தியாயம் 5: பெருநாள் ஞாயிறு

எசெண்டன் கழகத்தை விட்டு வெளியே வந்த பஷார் ஹூலியை யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற கேள்வியோடு போன கிழமை நிறுத்தினோம். 2010 டிசம்பரில் கூப்பிட்டது ரிச்மண்ட். கையில் கொடுத்தது 14ஆம் இலக்க பனியன்.

வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் அப்போது பெருமைப்பட ஒன்றுமில்லை. எசெண்டனில் நான்கு பருவங்கள் இருந்தும் ஹூலி இறங்கியது 26 ஆட்டங்களில்தான். ரிச்மண்ட் கடைசியாகக் கிண்ணம் தூக்கியது 1980இல். ஹூலி பிறந்ததே 1988இல். அந்தக் கழகத்தின் ரசிகர்களில் ஒரு தலைமுறை முழுவதும் கிண்ணத்தைக் கண்ணால் காணாமலே வளர்ந்திருந்தது.

தொடரை இந்தக் கிழமைதான் கையில் எடுத்த வாசகர்களுக்காக அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் என்ற இந்த ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் தோப்பூர்ப் பிள்ளைகள் அந்தியில் ஆடும் உதைபந்தாட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தலை சுற்றும். மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். கோல் காப்பாளர் கிடையாது, ஓஃப்சைட் கிடையாது. பந்தைக் காலால் உதைக்கலாம், கைமுட்டியால் குத்தியும் கொடுக்கலாம், எறியக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிரண்டுக்கும் இடையில் உதைத்தால் 6 புள்ளி, அதற்கு வெளியே பக்கக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி.

காப்பாளர் இல்லாத ஆட்டத்தில் பின்கள வீரன்தான் கடைசிக் கதவு. ஆனால் ஹூலி நின்ற இடத்தின் வேலை கதவை அடைப்பதோடு முடிவதில்லை. எதிரணி 1 புள்ளி எடுத்ததும் பந்து பின்களத்தவர் கைக்கு வரும். அவர் கம்பத்தடியிலிருந்து அதை வெளியே உதைக்க வேண்டும். முன்னால் எதிரணிக்காரர்கள் வலை விரித்தாற்போல் நிற்பார்கள். கையில் இருப்பது சில நொடிகள். அவசரத்தில் பிசகி உதைத்தால் பந்து அவர்களிடமே போய், அடுத்த உதையில் 6 புள்ளி பறிபோகும். ஹூலி தலையை நிமிர்த்தி, பந்தை இரண்டு கையாலும் தாழப் பிடித்து, இடது காலால் தாழ்வாக விரட்டுவார். ஐம்பது மீற்றர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் கூட்டாளியின் நெஞ்சில் அது போய் விழும். காவல் அந்த உதையிலேயே தாக்குதலாகிவிடும். அந்தக் கால்தான் அவருடைய சொத்து.

ஆனாலும் கிண்ணம் வரவில்லை. 2013, 2014, 2015 என்று மூன்று வருடமும் ரிச்மண்ட் இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. மூன்று வருடமும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. 2016இல் 18 கழகங்களில் 13ஆம் இடம். பயிற்றுவிப்பாளர் டேமியன் ஹார்ட்விக்கைத் துரத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார்கள்.

அந்த வருடங்களில் ஹூலி சம்பாதித்தது வேறொன்று. ஐவேளைத் தொழுகையைப் பேணி இந்த ஆட்டத்தின் உச்சத்துக்கு வந்த முதல் முஸ்லிம் வீரர் என்றுதான் அவுஸ்திரேலியப் பத்திரிகைகள் அவரை எழுதின. 2001 செப்டெம்பருக்குப் பிறகு அந்த நாட்டில் முஸ்லிம் பெயரோடு வாழ்வது எவ்வளவு பாரம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பெயரை வைத்தே சந்தேகப்படுவது என்னவென்று இந்த மாவட்டத்தில் மூன்று சமூகத்தாருக்கும் தெரியும். அவர் கோபப்பட்டுப் பேசவில்லை. இஸ்லாமியப் பாடசாலைகளுக்கென்று ஒரு சுற்றுப்போட்டி அவர் பெயரில் நடந்தது. இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிக் கூடம் வந்தது. நோன்பு துறக்கும் மேசையில் மற்றச் சமூகத்து மனிதர்களைக் கூட்டி உட்கார வைத்தார். லெபனானின் திரிப்போலியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை நாடறிந்த நல்ல மனிதரானார். அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் அவர் தடை வாங்கியதில்லை.

2017 வந்தது. ரிச்மண்ட் இம்முறை வேறு அணியாக ஆடியது. ஆண்டின் நடுப்பகுதியில் இறுதிச் சுற்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. அவுஸ்திரேலியாவில் நோன்புப் பெருநாள். நமக்கு மறுநாள்தான். பெருநாளன்றே ஹூலி மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இறங்கினார். எதிரே கார்ல்டன்: ரிச்மண்டின் பழம் பகையாளிக் கழகம்.

பந்துக்காக ஓடும் ஹூலியைக் கார்ல்டனின் ஜெட் லாம்ப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார். இந்த ஆட்டத்தில் நிமிடத்துக்கொரு தடவை நடக்கிற சங்கதி அது. பிடியை உதற ஹூலி கையைப் பின்னால் வீசுகிறார். வீசிய கை லாம்பின் தலையில் படுகிறது. லாம்ப் சரிகிறார். நினைவு கலங்கிய நிலையில் வெளியே கொண்டு போகிறார்கள். அதற்குப் பிறகு அவர் களத்துக்குத் திரும்பவில்லை.

ரிச்மண்ட் வென்றது. வெற்றியைப் பற்றி யாரும் பேசவில்லை.

குற்றச்சாட்டு கடுமையாக இருந்தது: வேண்டுமென்றே அடித்தது. வழக்கமான அபராதப் பட்டியலுக்குள் அது அடங்காது; ஒழுக்காற்று நடுவர் மன்றத்துக்கே போக வேண்டும். நாலு ஆட்டமாவது போகும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை விசாரணை. கையை வீசியது பிடியை விடுவிக்கத்தான், ஆளை அடிக்க அல்ல என்று ஹூலி தரப்பு வாதிட்டது. பிறகு இப்படிப்பட்ட விசாரணைகளில் அபூர்வமாக நடக்கும் ஒன்று நடந்தது. நாடறிந்த தொலைக்காட்சிப் பேச்சாளர் வலீத் அலி ஹூலியின் குணத்துக்குச் சான்று கொடுத்திருந்தார். பிரதமர் மல்கம் டர்ன்புல் ஹூலியைப் பற்றிச் சொல்லியிருந்த நல்வார்த்தைகளும் மன்றத்தில் முன்வைக்கப்பட்டன. ஒரு பின்கள வீரனின் கைவீச்சை நிறுக்கும் தராசில் நாட்டின் பிரதமருடைய சொல்லும் ஏறியது.

முன்னாள் வீரர்களைக் கொண்ட குழு தீர்ப்புச் சொன்னது: இரண்டு ஆட்டத் தடை. அவருடைய கறைபடாத பதிவும் நற்பெயரும் கணக்கில் எடுக்கப்பட்டன.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதே ஹூலி மீதுள்ள பிரியத்தால்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு பிழை என்றே நினைக்கிறேன். நினைவு தப்பிக் கிடந்தவனின் தலைக்கு, அடித்தவர் நல்லவரா கெட்டவரா என்பது தெரியாது. நல்ல பெயருக்குத் தள்ளுபடி உண்டு என்றால், யாரும் நற்சாட்சி சொல்ல முன்வராத பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு என்ன கிடைக்கும்? முஸ்லிம் என்பதற்காகக் கூடுதல் தண்டனை கொடுத்தால் எவ்வளவு அநியாயமோ, முன்மாதிரி முஸ்லிம் என்பதற்காகக் குறைத்தாலும் அதே அளவு அநியாயம்தான். குறைத்ததால் அவருக்கும் நன்மை வரவில்லை. விடியும்போது வானொலி, பத்திரிகை எல்லாவற்றிலும் அதே கேள்வி: பிரதமரைத் தெரிந்தவனுக்கு ஒரு நீதியா? பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த நற்பெயரே அந்த ஒரு இரவில் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

அடுத்து நடந்ததை ரிச்மண்ட் கனவிலும் எதிர்பார்த்திருக்காது. நடுவர் மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வீரனோ கழகமோ மேன்முறையீடு செய்வதுதான் அதுவரை கண்ட வழக்கம். இப்போது மன்றத்தை அமைத்த அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்கே எழுந்து, தன் மன்றத்தின் தீர்ப்பு போதாது என்று மேன்முறையீடு செய்தது. லீக்கின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ரிச்மண்டின் கணக்கு நேரடியானது. இரண்டு ஆட்டம் என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், இறுதிச் சுற்றுக்கான ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பின்களத்தின் இடது கால் இல்லாமல் ஆட வேண்டும். 37 வருடம் காத்திருந்த கழகம் அது.

ஜூன் 29, வியாழக்கிழமை. மேன்முறையீட்டுக் குழு கூடியது. இரு தரப்பு வாதமும் முடிந்தது. ஹூலிக்கு 29 வயது. அவருடைய பெயருக்குப் பக்கத்தில் எழுதப்போகும் எண்ணைத் தீர்மானிக்கக் குழுவினர் உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் சொன்ன எண் எது?

(அடுத்த கிழமை தொடரும்)