மின் பொறியியல் வகுப்பில் நம் இருக்கை எப்படி வந்தது?

ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்து கல்லூரி திறக்கும்போது, பொறியியல் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளின் காதில் ஒரு பேச்சு விழுகிறது. "உனக்கென்ன, கோட்டாவில் சீட்டு, கூடவே ஸ்காலர்ஷிப்" என்பார்கள். பதில் தெரியாமல் பலர் தலைகுனிந்து நகர்ந்துவிடுகிறார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது. மின் பொறியியலை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். இன்றைய கணக்கில் அது ஒன்றிய அமைச்சர் பதவி. அன்று மின்சாரமும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. அண்ணலைச் சட்ட மேதையாக மட்டுமே பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு இது புதிதாக இருக்கலாம்.

1943 அக்டோபர் 25 அன்று மின்சாரக் கொள்கைக் குழுவின் முதல் கூட்டத்தில் அவர் உரையாற்றினார். மின் உற்பத்தி அரசின் கையில் இருக்க வேண்டுமா, தனியார் கையில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை எழுப்பினார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் தொழில் வளராது. தொழில் வளராமல் இந்த நாட்டு மக்கள் வறுமையிலிருந்து மீள முடியாது என்பது அவர் வாதம். நிலத்தை மட்டும் நம்பிக் கிடக்கும் வாழ்க்கை யாருக்கு அதிகம் கேடு செய்தது என்று நிலமற்ற நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1944இல் நாட்டின் மின் திட்டங்களை வகுக்க மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் அமைக்கப்பட்டது.

இதே காலத்தில் அவர் மேசையில் இன்னொரு வேலையும் நடந்தது. 1942 அக்டோபர் 29 அன்று பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு கோரிக்கை மனு அளித்தார். அதில் கல்வி குறித்து அவர் சொன்னதைத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நம் மாணவர்கள் கலைப்பாடமும் சட்டமும் படிப்பதால் மட்டும் பெரிய பயன் விளையாது. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும். ஆனால் அந்தப் படிப்பின் செலவு அவர்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்றார். எனவே இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயும், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் ரூபாயும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்றும் கேட்டார். இன்று நாம் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அதன் வேர் இந்த மனு.

கம்பம் நட, குழி தோண்ட, கம்பி இழுக்க நம் ஆட்கள். மின் நிலையத்தை வடிவமைக்க வேறு ஆட்கள் என்ற பிரிவினையை உடைக்கும் வழியைத்தான் அண்ணல் தேடினார். மின்சாரக் கொள்கையையும் உதவித்தொகையையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் முன்னெடுத்ததை நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் மண்ணுக்கு வருவோம். கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. மின் பொறியியல் அங்கே 1930இல்தான் வந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் எனப் புனல் மின் நிலையங்கள் அடுத்தடுத்து இயங்கின. மாகாணத்துக்கு மின் பொறியாளர்கள் தேவைப்பட்ட காலம் அது. அந்த வகுப்பறைக்குள் எல்லோரும் நுழைய வழி செய்தது வகுப்புவாரி அரசாணை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950இல் அந்த ஆணைப்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்கள் பட்டியல் சாதி மாணவர்களுக்கு.

அந்த ஆண்டே ஆணையை எதிர்த்து இருவர் நீதிமன்றம் போனார்கள். செண்பகம் துரைராஜன் பெயரும் மருத்துவக் கல்லூரி வழக்கும் எல்லோருக்கும் தெரியும். உடன் வந்த இன்னொரு மனுதாரர் சி.ஆர். சீனிவாசன் கேட்டது பொறியியல் கல்லூரி இடம். சென்னை உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி வெடித்தது. பெரியார் களத்தில் நின்றார். அப்போது சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் நாடாளுமன்றத்தில் அந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தார். அதே ஆண்டு ஜூனில் முதல் சட்டத்திருத்தம் நிறைவேறி, கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கு 15(4) பிரிவு அரணாக வந்தது. இன்று கலந்தாய்வில் பட்டியல் சாதியினருக்கு 18%, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3%, பழங்குடியினருக்கு 1% என்று ஒதுக்க முடிவது இந்தப் பிரிவின் பலத்தால்தான்.

இடம் கிடைத்தாலும் செலவு பற்றி 1942இல் அண்ணல் சொன்னது இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டில் 2012இன் அரசாணை 92 சுயநிதிக் கல்லூரி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தையும் உதவித்தொகைக்குள் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் ஒன்றியத்தின் பங்கு 60%. ஆனால் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். லைன்மேனாகவோ துப்புரவுப் பணியாளராகவோ நிரந்தர வேலையில் இருக்கும் ஒரு தந்தையின் பிள்ளை அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. பணம் வரத் தாமதமானால் கட்டணம் கேட்டு ஹால் டிக்கெட்டை நிறுத்தும் கல்லூரிகளும் இருக்கின்றன.

எனவே தோழர்களே, செய்ய வேண்டியவை இவை. முதலாண்டு மாணவர்களுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றையும் விண்ணப்பத் தேதிக்கு முன்பே தயார் செய்து கொடுங்கள். கல்லூரி கட்டணம் கேட்டு நெருக்கினால், அதை எழுத்தில் வாங்கி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். தனியாகப் போகாமல் சங்கமாகப் போங்கள். வருமான வரம்பை உயர்த்தக் கோரும் போராட்டத்தில் பொறியியல் மாணவர்கள் முன்வரிசையில் நிற்கட்டும். அண்ணலின் 1942 மனுவை விடுதியில் உட்கார்ந்து கூட்டாக வாசியுங்கள். அதில் கேட்டவற்றில் எவை கிடைத்தன, எவை பாக்கி என்று ஒரு பட்டியல் போடுங்கள். அடுத்த கோரிக்கை மனுவை அந்தப் பட்டியலிலிருந்தே எழுதிவிடலாம்.