பருத்தி அரவையில் சிக்கிய கை

ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் இன அநீதியின் குறியீடாகப் பலரும் சுட்டுவது, தீங்கறியாது பாடும் மாக்கிங்பேர்ட் பறவையை; ஆயினும் வெள்ளையினப் பெண்ணை வன்புணர்ந்ததாகப் பொய்க் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனின் செயலிழந்த இடக்கை அதனினும் ஆழமான வரலாற்றைச் சுமக்கிறது. சிறுவயதில் அக்கை சிக்கியது பருத்தி ஜின்னில், அதாவது பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் அரவை இயந்திரத்தில். எலி விட்னி 1793-இல் உருவாக்கிய ஜின், அலபாமா உள்ளிட்ட தென்மாநிலங்களில் பருத்திச் சாகுபடியைப் பெருக்கி அடிமைமுறையை வேரூன்றச் செய்தது. 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாயிருந்த அடிமைகளின் தொகை 1860-இல் 40 லட்சத்தை நெருங்கியது.

நாவலில் அப்பெண்ணின் முகத்தில் காயங்கள் வலப்புறமே மிகுந்திருந்ததால், தாக்கியவர் இடக்கைப் பழக்கமுடையவர் என்பது புலனாகிறது. எனவே அந்த ஊனமே டாமின் குற்றமின்மைக்குக் கண்கூடான சான்றாகிறது. அதைக் கண்ட பின்னும் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவுரைக்கும் குடிமக்கள் குழு, அவரைக் குற்றவாளி என்கிறது. இது கற்பனையின் மிகையன்று. 1931-இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் இத்தகைய குற்றச்சாட்டுக்கு உள்ளான 9 கறுப்பின இளைஞர்களில் 8 பேருக்கு, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிகளின் முன் மரணதண்டனை விதிக்கப்பட்டது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து இனங்கருதி விலக்கியது அரசியலமைப்புக்கு முரண் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935-இல் தீர்ப்பளித்தபோதிலும், அந்த 9 இளைஞர்களுள் மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013-இல், மூவரும் இறந்து நெடுங்காலம் கழிந்த பின்னரே.